காட்டைப் பிடித்துக்கொண்டு பாட்டனைத் தேடுதல்

பழைய கிரயப் பத்திரம் ஒன்றின் முதல் நான்கு வரியைப் படித்தாலே இரண்டு தலைமுறை கைக்கு வந்துவிடும். "கோயமுத்தூர் ஜில்லா தாராபுரம் தாலுக்கா இன்ன கிராமத்திலிருக்கும் நாச்சிமுத்துக் கவுண்டர் குமாரர் பழனிக் கவுண்டருக்கு, மேற்படி கிராமத்திலிருக்கும் சென்னியப்பக் கவுண்டர் குமாரர் ராமசாமிக் கவுண்டர் எழுதிக்கொடுத்த" என்ற மாதிரி அது தொடங்கும். ஜாதி, சிவமதம், ஜீவனம் விவசாயம் என்பவையும் கூடவே வரும். விற்றவர் பக்கம் அப்பன் மகன், வாங்கியவர் பக்கம் அப்பன் மகன். இப்படி நாலைந்து பத்திரங்களைக் கோத்தால் வம்சம் தானாக வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அங்கேதான் வழி தவறுகிறது.

கொங்குநாட்டில் மூத்த பேரனுக்கு அப்பாரு (தகப்பனைப் பெற்றவர்) பெயரை வைப்பது வழக்கம். ராமசாமி மகன் பழனிச்சாமி, பழனிச்சாமி மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடியும் பழனிச்சாமி என்று நூறு வருசத்துக்கு இரண்டே பெயர் மாறி மாறி ஓடும். சித்தப்பன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே அப்பாருதான். ஆகவே அங்கேயும் ஒரு ராமசாமி இருப்பார். போதாததற்கு, சென்னிமலையைச் சுற்றிய ஊர்களில் வீட்டுக்கு வீடு சென்னியப்பன். பெயரை மட்டும் நம்பித் தேடுகிறவர் பாட்டனையும் பேரனையும் ஒரே ஆளாக்கி நடுவில் இரண்டு தலைமுறையை விழுங்கிவிடுவார். இல்லாவிட்டால் பங்காளியின் பாட்டனைத் தன் பாட்டன் என்று எழுதிக்கொள்வார். பார்த்தவரையில் வீட்டில் எழுதி வைத்திருக்கும் வம்சாவளிகளில் அதிகம் காணப்படும் பிழைகள் இவை இரண்டும்தான். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கலாம், ஒரு காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, புல எண் ஒன்றுதான். வம்சத்தைத் தேடுகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது அந்தக் காட்டை.

தேடலை வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பத்திரம், பட்டா, கந்தாய (நிலவரி) ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், கிணற்று மின் இணைப்பு அட்டை, கல்யாண மொய் நோட்டு, பெண்களுக்குச் செய்யும் எழுதிங்கள் சீரின் மொய் நோட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு இன்னமும் காலமான அப்பாரு பெயரிலேயே இருக்கும் தோட்டங்கள் ஏராளம். அந்தப் பெயரும் இணைப்பு கொடுத்த வருசமும் ஒரு நல்ல ஆதாரம். பெரியவர்களிடம் "உங்க பூட்டன் பேரென்ன" என்று கேட்டால் யோசித்துவிட்டுத் தெரியாது என்பார்கள். "மேகாடு யார் பாகத்துல வந்துதுங்க? கெணறு யாரு வெட்டுனது? நம்ம பொழிக்கு (எல்லை வரப்புக்கு) அந்தப் பக்கம் யாரு காடு?" என்று கேட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் நிறுத்தாமல் சொல்வார்கள். தோட்டத்துப் பெயர்களை அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஊஞ்சக்காடு, பள்ளக்காட்டுத் தோட்டம், மேட்டுச்சாளை என்ற பெயர்கள் பத்திரத்திலும் அப்படியே வரும். ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக் காட்டுவதும் அந்தப் பெயர்தான்.

அடுத்தது வருவாய்த்துறைப் பதிவேடுகள். சிட்டா (யார் பெயரில் என்னென்ன நிலம் என்பது), அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் புல எண்வாரிப் பதிவேடு), புலப்படம் மூன்றையும் இணையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். இன்றைய பட்டாவில் 216/2அ1 என்று இருந்தால், அதுவே ஒரு சின்ன வம்சாவளி. 216 முழுக் காடு, 216/2 முதல் பிரிவினையில் வந்த துண்டு, 2அ அதற்கடுத்த பிரிவினை, 2அ1 அதற்கும் அடுத்தது. எல்லா உட்பிரிவும் பாகத்தால் வந்தவை அல்ல. விற்பனையாலும், சாலைக்கும் வாய்க்காலுக்கும் நிலம் எடுத்ததாலும் எண் பிரியும். ஆகவே எண்ணை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய அ-பதிவேடு பெரும்பாலும் யு.டி.ஆர். என்கிற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், 1979 முதல் 1987 வரை நடந்த வேலையில் உருவானது. அப்போதுதான் பரப்பு ஏக்கரிலிருந்து ஹெக்டேருக்கு மாறியது. அதற்கு முந்திய பதிவேட்டோடு ஒப்பிட ஏக்கரை 0.4047ஆல் பெருக்குங்கள். 4.38 ஏக்கர் 1.77 ஹெக்டேர் ஆகும். எண் ஒத்து, பரப்பும் ஒத்தால்தான் அதே காடு. யு.டி.ஆரில் பெயர்ப் பிழை மலிந்து கிடக்கிறது. தகப்பன் பெயர் விட்டுப்போனது, தம்பிகளை விட்டு அண்ணன் பெயரை மட்டும் ஏற்றியது, பக்கத்துக் காட்டுக்காரர் பெயரை மாற்றி எழுதியது என்று எல்லாமும் உண்டு. அதிலுள்ள ஒரு பெயரை வேறொரு ஆதாரம் இல்லாமல் வம்சாவளியில் ஏற்றாதீர்கள்.

யு.டி.ஆருக்கு முந்திய அ-பதிவேடும், அதற்கும் முன்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நில அளவை முடித்து எழுதிய செட்டில்மென்ட் பதிவேடும் தாலுக்கா அலுவலகத்திலோ கலெக்டர் அலுவலக ஆவண அறையிலோ இருக்கும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கேட்கலாம். மனுவில் கிராமப் பெயர், பழைய தாலுக்கா, பழைய புல எண் மூன்றையும் குறிப்பிடுங்கள். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நகல் கேளுங்கள். செட்டில்மென்ட் பதிவேட்டில் அதற்கும் முந்திய நில அளவையில் கொடுத்த பைமாஷ் எண் ஒரு கலத்தில் இருந்தால் அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பிடித்தால்தான் அதற்கும் பின்னால் போக வழி உண்டு.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதில் பலர் அலைந்து வீணாகிறார்கள். தாராபுரம் பக்கத்துக் குடும்பம் என்றால் 1979 வரை கோவை ஜில்லா, பிறகு பெரியார் மாவட்டம், அது ஈரோடு என்று பெயர் மாறி, 2009இலிருந்து திருப்பூர். கரூர் தாலுக்கா 1910 வரை கோவையில் இருந்து, பிறகு திருச்சிக்குப் போனது. கொள்ளேகாலமும் 1956 வரை கோவை ஜில்லாதான். காவிரிக்கு அந்தக் கரையில் திருச்செங்கோடு சேலம் ஜில்லா, இந்தக் கரையில் ஈரோடு கோவை ஜில்லா. கரை தாண்டிப் பெண் எடுத்த குடும்பத்துக்கு இரண்டு ஜில்லாவிலும் வேலை இருக்கும். ஜமீன், இனாம் கிராமமாக இருந்தால் 1948, 1963 ஒழிப்புச் சட்டங்களுக்குப் பின் நடந்த செட்டில்மென்டில்தான் குடியானவர் பெயர்கள் ஒழுங்காகக் கிடைக்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரப் பதிவு 1865 முதல் உண்டு. கணினியில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்குப் பிந்தியதுதான். அதற்கு முந்தியதைக் கையால் தேடச் சொல்லித் தனியாக மனுப் போட வேண்டும். தேடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கட்டணம் உண்டு என்பதால் கண்மூடித்தனமாக நூறு வருசத்துக்குப் போடாதீர்கள். கையிலுள்ள பத்திரத்தில் "மேற்படி சொத்து எனக்கு இன்ன வருசம் இன்ன நம்பர் பத்திரப்படி கிரயம் பெற்று" என்று முன்பத்திரத்தின் எண் இருக்கும். அதன் நகலை மட்டும் கேளுங்கள். அது அதற்கும் முந்தியதைக் காட்டும். சங்கிலி அறுந்த இடத்தில் மட்டும் ஐந்து, பத்து வருசத்துக்குத் தேடச் சொல்லுங்கள். அட்டவணை இரண்டு வகை. ஒன்று ஆள் பெயர் வரிசையில், இன்னொன்று கிராமம், புல எண் வரிசையில். இரண்டிலும் தேடச் சொல்வது நல்லது. சொத்துப் பத்திரங்கள் உள்ள 1ஆம் புத்தகம் யாரும் பார்க்கக்கூடியது. உயில் உள்ள 3ஆம் புத்தகத்துக்கு அந்த உரிமை கிடையாது. எழுதியவர் இறந்துபோன ஆதாரத்தோடு போக வேண்டும். உங்கள் கிராமம் முன்பு வேறொரு சார்பதிவகத்தின் கீழ் இருந்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். "வில்லங்கம் இல்லை" என்று வரும் பதிலில் பாதி, தவறான அலுவலகத்தில் தேடியதால் வருவது.

மீதிப் பாதிக்கு வேறு காரணம் இருக்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று முன்பு யாரும் நினைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்து வாயால் பேசிப் பிரித்துக்கொள்வார்கள், மிஞ்சினால் ஒரு கூர்சீட்டு எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் அந்தப் பாகத்துக்குச் சுவடே இருக்காது. பட்டாவும் மூத்தவர் பெயரிலேயே இருபது, முப்பது வருசம் நீடிக்கும். அந்த இடைவெளியில் தம்பிமார் வம்சம் காகிதத்திலிருந்து மறைந்துவிடும்.

மறைந்தவர்களைக் கண்டுபிடிக்கும் இடம் செக்குபந்தி. நான்கு எல்லை சொல்லும் அந்தப் பத்தியைப் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். "ராமசாமிக் கவுண்டர் காட்டுக்கு மேற்கு" என்றால் நம் காடு மேற்கே, ராமசாமி காடு கிழக்கே. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் படம் முழுவதும் புரண்டுவிடும். ஒரே புல எண்ணைச் சேர்ந்த எல்லாப் பத்திரங்களின் செக்குபந்தியையும் எடுத்து, புலப்படத்தின் பெரிய நகல் ஒன்றில் வருசவாரியாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். 216ஆம் எண்ணில் 12 ஏக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தெற்கு வடக்காக நான்கு நான்கு ஏக்கராக மூன்று துண்டுகளாய், ஒவ்வொன்றும் இட்டேரியையும் (வேலிக்கு நடுவே போகும் வண்டித்தடத்தையும்) கிணற்று வாய்க்காலையும் தொடுகிற மாதிரி பிரிந்திருந்தால், அது விற்று வாங்கிய பிரிவாக இருக்காது. மூன்று பேரும் தண்ணீருக்கும் வண்டிக்கும் சம வழி வேண்டும் என்று உட்கார்ந்து பேசிப் பிரித்த பிரிவு அது. பங்காளிகள் பாகம் அப்படித்தான் இருக்கும். மேபுற (மேற்கு)த் துண்டின் பத்திரத்தில் கீழண்டைக்காரராக (கிழக்கே இருப்பவராக) வருபவர், நடுத்துண்டின் பத்திரத்தில் யார் மகன் என்று பாருங்கள். மூன்று துண்டுக்காரர்களுக்கும் தகப்பன் பெயர் ஒன்றாக இருந்தால் அண்ணன் தம்பி மூவரும் வந்துவிட்டார்கள்.

இதைச் சரிபார்க்கக் கிணறு இருக்கிறது. நிலத்தைத் துண்டு போடலாம், கிணற்றைத் துண்டு போட முடியாது. அதனால் ஒவ்வொரு பாகத்திலும் அது பின்னமாகவே எழுதப்படும். மூன்று அண்ணன் தம்பிகள் என்றால் ஆளுக்கு 3ல் 1 பாகம் கிணறு. அதில் ஒருவருக்கு இரண்டு மகன்கள் என்றால் ஆளுக்கு இரண்டு ஏக்கரும் 6ல் 1 பாகமும். பின்னத்தின் கீழெண்ணைப் பகுத்துப் பார்த்தால் மேல் தலைமுறைகளில் எத்தனை பிள்ளைகள் பாகம் வாங்கினார்கள் என்பது தெரியும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பத்திரத்தில் 6 ஏக்கரும் 2ல் 1 பாகம் கிணறும் என்று இருந்தால், பாட்டனுக்கு இரண்டே பிள்ளைகள் என்று முடிவு கட்டக் கூடாது. தன் 3ல் 1ஓடு சகோதரன் மகனின் 6ல் 1ஐ விலைக்கு வாங்கியிருந்தாலும் கூட்டிப் பார்த்தால் 2ல் 1தான் வரும். நிலமும் அதே கணக்கில் 4உம் 2உம் சேர்ந்து 6 ஆகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் நடுவில் ஒரு கிரயப் பத்திரம் இருந்தே தீரும், அதைத் தேடுங்கள். கமலைத் தடம், களம், சாளை (தோட்டத்து வீடு), புளியமரம், வண்டித்தடப் பாத்தியம் ஆகியவற்றிலும் இதே பின்னம் திரும்பத் திரும்ப வரும். நிலத்தின் அளவு வாங்கி விற்றதில் மாறிப்போயிருந்தாலும் புளியமரத்தின் பங்கு பழையபடியே இருக்கும். அதனால் மரத்தின் பங்கை அதிகம் நம்பலாம்.

தேதியில் வரும் தடுமாற்றங்களுக்கு மருந்து எளிது. பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலையின் ஆண்டு வரும். பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. சாலிவாகன சகாப்தத்தோடு 78ஐக் கூட்டுங்கள், கலியுக ஆண்டில் 3101ஐக் கழியுங்கள். வெறும் வருசப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும் என்பதை மறக்காதீர்கள். தாது என்பது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். முதல் தாது பெரும் பஞ்சம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள பட்டாதாரர்களை ஒப்பிடும்போது ஒரு குடும்பம் மொத்தமாக மறைந்து, காடு வேறு கைக்குப் போயிருந்தால் காரணத்தை அங்கே தேடுங்கள்.

கையெழுத்துக்கும் பழக வேண்டும். ௲௮௱௯௰௨ என்பது 1892. வேகமாக எழுதிய தமிழ் எண்களில் 1 க போலவும், 2 உ போலவும், 7 எ போலவும், 8 அ போலவும் இருப்பதால் உட்பிரிவு எழுத்தையும் எண்ணையும் மாற்றிப் படித்துவிடுவோம். ௵ வருசம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. ஓலையிலும் பழைய கணக்குகளிலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு வித்தியாசமும் இருக்காது. நிலம் வள்ளம் என்ற பழைய அளவில் இருந்தால் ஏக்கராக்க முயலாமல் உள்ளபடி எழுதி வையுங்கள். ராமசாமி, இராமசாமி, றாமசாமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். அதற்காகத் திருத்தி எழுதிவிடாதீர்கள். பத்திரத்தில் உள்ள எழுத்துப்படியே பெயர், தகப்பன் பெயர், புல எண், பத்திர எண், வருசம், அலுவலகம் என்று ஒரு ஆளுக்கு ஒரு அட்டை எழுதி, இருவரும் ஒருவர்தான் என்று எதனால் நம்புகிறீர்கள் என்பதையும் அதிலேயே குறியுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் பிறந்த தேதி பலமுறை சேர்க்கும் நாளுக்குத் தோதாக வைத்த தேதி. ஜூன் மாதப் பிறந்தநாள்கள் மிகுந்திருப்பது அதனால்தான். பழைய பிறப்புப் பதிவேட்டில் பெரும்பாலும் பிள்ளையின் பெயர் இருக்காது, ஆண் அல்லது பெண் என்பதும் தகப்பன் பெயரும்தான் இருக்கும். வயதுக்கு இதைவிட நல்ல ஆதாரம், பாகப்பிரிவினையில் "மைனர் வயது 9, கார்டியன் தகப்பனார்" என்று வரும் வரி. அப்படிப்பட்ட பத்திரங்கள் 1960ஐ ஒட்டியும் 1970ஐ ஒட்டியும் அதிகம் கிடைக்கும். நில உச்சவரம்பு முதலில் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்), 1970இல் 15 தர ஏக்கர் என்று இறங்கிய காலம் அது. பெரிய பண்ணையக்காரர்கள் பேரன்மார் வரை பாகம் எழுதினார்கள். கீழ்பவானி வாய்க்காலுக்கும் அணைக்கும் நிலம் எடுத்த கோப்புகளிலும் பாத்தியப்பட்டவர் பட்டியல் விரிவாக இருக்கும்.

பெண்களைத் தேடுவதுதான் கடினம். பாவாயி, நாச்சாயி, செல்லாத்தாள் என்று பெயர் வந்தாலும் "இன்னார் மனைவி" என்றுதான் எழுதியிருப்பார்கள், பிறந்த வீடு இருக்காது. மஞ்சக்காணியாக (மகளுக்குச் சீதனமாக) நிலம் கொடுத்த தானப் பத்திரத்தில் மட்டும் தகப்பன் பெயர் வரும். 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மகள்கள் காகிதத்தில் தலைகாட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் 1989 திருத்தத்துக்குப் பிறகு அக்கா தங்கைகள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் குவிகின்றன. உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்தான் என்றாலும், "இன்னார் மகளும் இன்னார் மனைவியுமான" என்று இரு வீட்டையும் ஒரே வரியில் சொல்லுவது அதுதான். அதற்கு முந்திய காலத்துக்கு மொய் நோட்டை விட்டால் வேறில்லை. மாமன் சீர், அப்புச்சி (தாயைப் பெற்றவர்) ஊர், மச்சான் என்று ஊர்ப் பெயரோடு எழுதிய வரிகளிலிருந்து பொறந்த ஊர் தெரியும். எழுதிங்கள் நோட்டு இதற்கு மிக நல்லது, தாய்வீட்டார் எல்லோரும் வரும் சீர் அது. ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுப்பதில்லை என்பதால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கூட்டமாக வந்துவிட்டால் உங்கள் கணக்கில் எங்கோ பிழை என்று வைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள்.

கூட்டமும் காணிக்கோயிலும் (கூட்டத்துக்குப் பாத்தியமான குலக்கோயில்) வேறு வகை ஆதாரம். அந்தக் கோயில் உள்ள காணியூர் இன்றைய ஊரிலிருந்து தொலைவில் இருந்தால் குடிபெயர்ந்த திசை தெரியும். கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டில் கல்யாணமான ஆண்கள் வருசவாரியாக இருப்பார்கள். காணி முதற்குடியாக வந்திருக்கலாம், சீதனமாக வந்திருக்கலாம், விலைக்கு வாங்கியும் இருக்கலாம். கொங்குக் கோயில் கல்வெட்டுகளில் "வெள்ளாளன்" என்பதோடு சாத்தந்தை, காடை என்று கூட்டப் பெயர்கள் வருவதைப் பார்த்து உடனே வம்சாவளியின் உச்சியில் அந்த ஆளை ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கூட்டம் அன்று அங்கே இருந்தது என்பதற்குத்தான் அது சான்று. பத்திரமும் பதிவேடும் தருவது நல்ல வாய்ப்பிருந்தால் ஆறேழு தலைமுறை. அதற்கும் கல்வெட்டுக்கும் நடுவில் பல நூறு ஆண்டு வெற்றிடம். அதைக் கோடு போட்டு இணைப்பது சரியல்ல, அந்த இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள்.

இவ்வளவும் பட்டா உள்ள குடும்பத்துக்கு. அதே காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட பண்ணையத்து ஆட்களின் குடும்பங்களுக்குப் புல எண் கிடையாது. குத்தகைதாரர் பெயர் அடங்கலில் (கிராமச் சாகுபடிக் கணக்கில்) சாகுபடி செய்பவர் கலத்திலும், 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி எழுதிய பதிவேட்டிலும் கிடைக்கலாம். ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலமானால் அந்த ஒப்படைக் கோப்பில் இருக்கும். மற்றவர்களுக்குப் பிறப்பு இறப்புப் பதிவேடு, பள்ளிப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல், பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சாட்சியாக வைத்த கீறலும் பெருவிரல் ரேகையும். உங்கள் அப்பாரு எழுதிய பண்ணையக் கணக்கு நோட்டில் ஆள் பெயரும், கொடுத்த கம்பு, ராகி வள்ளமும், அவர் மகன் பெயரும் இருந்தால் அந்தப் பக்கங்களையும் விடாமல் படம் எடுத்து, அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளிடம் ஒரு நகல் கொடுங்கள். அவர்கள் பாட்டன் பெயர் எழுதிய காகிதம் அது ஒன்றாகவே இருக்கக்கூடும்.